பாடபேதமும் ஒரு பாடமே: 'மிஸ் மக்ளவுட் ரீல்' என்னும் பிடில் மெட்டின் வரலாறும் வடிவங்களும்

பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றிய பெருமக்கள் 'பாடபேதம்' என்ற ஒன்றோடு ஓயாது போராடினர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் போன்றோர், ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஏட்டில் வேறொரு சொல்லும் கண்டவிடத்து, இவற்றுள் ஆசிரியர் எழுதியது எது என்று தேர்வதற்காகப் பல இரவுகளைச் செலவிட்டனர். அவ்வுழைப்பின் பயனாக, 'மூலம் ஒன்றே. மற்றவை யாவும் பிழை' என்ற எண்ணம் படித்த தமிழர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. எழுத்தில் பிறந்த நூல்களுக்கு அது பொருந்தும். செவிவழிப் பிறந்து கைவழி வளர்ந்த கலைகளுக்கும் அதே அளவுகோல் பொருந்துமா? ஒரு தாலாட்டுக்கோ கும்மிக்கோ மூலபாடம் என ஒன்று உண்டா?

இவ்வினாவை ஆராய்வதற்கு நாம் தொலைதூரத்து எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அயர்லாந்து நாட்டுப் பிடில்காரர்களிடையே வழங்கும் 'மிஸ் மக்ளவுட் ரீல்' என்னும் நடன மெட்டு அது. இதனைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. இம்மெட்டின் பயணத்தை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சுச் சான்றுகளோடு தொடர முடிகிறது. மேலும், பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணைவிட்டுச் சென்றவர்களின் கைகளிலேயே இது பெரிதும் வாழ்ந்திருக்கிறது. பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு அவ்வரலாறு அயலாகத் தோன்றாது.

ரீல் என்பது யாது?

ரீல் என்றதும் திரைப்படச் சுருளோ, நம்மூர்ப் பேச்சிலுள்ள 'ரீல் விடுத'லோ நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கே அது ஒரு நடனத்தின் பெயர். அந்நடனத்திற்கு இசைக்கப்படும் மெட்டின் பெயரும் அதுவே. ஒவ்வோர் அடியிலும் எட்டு விரைவு ஸ்வரங்கள் நான்கு நான்காகப் பிரிந்து ஓடும். நம் சதுச்ர கதியை நினைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். முதற்பகுதி தாழ்ந்த ஸ்வரங்களில் நடக்க, இரண்டாம் பகுதி மேலே எழும். ஸ்காட்லாந்தில் செழித்த இவ்வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தில் வேரூன்றி, நாளடைவில் அந்நாட்டு நடன இசையில் முதலிடம் பெற்றது.

பிடில் என்பதும் வயலின் என்பதும் கருவியளவில் ஒன்றே; வாசிக்கும் முறையால்தான் பெயர் வேறாகிறது. பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம் சங்கீதத்திற்குள் நுழைந்த அதே ஐரோப்பியக் கருவியை நம் முன்னோரும் 'பிடில்' என்றே அழைத்தனர் என்பதை நினைவுகூர்தல் தகும்.

பெயர் சொல்லும் கதை

இம்மெட்டு அயர்லாந்தில் எங்கும் புகழ்பெற்றிருப்பினும், இதன் பெயர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. ஸ்காட்டியப் பிடில் மேதை நீல் கோ என்பவரின் குடும்பத்தார் 1809-இல் வெளியிட்ட ஐந்தாம் தொகுதியில் இது 'ராசேயின் திருமதி மக்ளவுட்' என்ற தலைப்போடு காணப்படுகிறது. ஸ்கைத் தீவைச் சேர்ந்த ரீல் என்றும், மக்ளவுட் ஒருவர் தெரிவித்தது என்றும் அங்கே குறிப்பு உள்ளது. ஆகவே முதல் அச்சுப் பிரதி என நாம் போற்றும் அதுவே, முன்பே வழங்கிவந்த ஒன்றைக் கேட்டு எழுதிய படிதான். 'மூலம்' தேடிச் செல்வோர்க்கு முதற்படியிலேயே வழி மறைகிறது.

ராசே என்பது ஸ்கைத் தீவை அடுத்துள்ள சிறு தீவு. மக்ளவுட் குடியினர் அதன் தலைவர்களாக விளங்கினர். 1773-இல் டாக்டர் ஜான்சனும் அவருடைய நண்பர் பாஸ்வெலும் அங்கே விருந்தினராகச் சென்றபோது தலைவர் இல்லத்தில் இரவுதோறும் நடனம் நிகழ்ந்ததையும், அவ்வில்லத்தில் பெண்மக்கள் பதின்மர் இருந்ததையும் பாஸ்வெல் தம் பயணநூலில் எழுதியிருக்கிறார். டூன் கான் என்னும் குன்றின் உச்சிக்கு ஏறி அங்கும் அவர் ஆடி மகிழ்ந்தார். இத்தகைய இல்லத்தின் தலைவி பெயரால் ஒரு நடன மெட்டு வழங்குதல் பொருத்தமே.

அவ்வாழ்வு நிலைக்கவில்லை. கடன் சுமை தாங்காது மக்ளவுட் குடியின் தலைவர் 1843-இல் தீவை இழந்தார். அடுத்து வந்த உரிமையாளர் காலத்தில் சிற்றூர்கள் பல வெறுமையாக்கப்பட்டன. குடிமக்கள் கடல் கடந்து போயினர். அவ்வாறு ஆளற்றுப்போன ஊர்களுள் ஒன்றான ஹாலெய்க் பெயரால், ராசேயில் பிறந்த கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மக்லீன் 1954-இல் வெளியிட்ட கவிதை இன்று உலகப்புகழ் பெற்றுள்ளது.

தலைவர் போனார், குடிகள் போயினர், மெட்டு மட்டும் நின்றது. அதுவும் பெயர் முழுமையாக நிற்கவில்லை. அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது 'திருமதி' என்பது 'செல்வி' ஆயிற்று. 'ராசே' என்னும் ஊர்ப்பெயர் உதிர்ந்தது. புலம்பெயர்ந்தோர் பெயரில் முதலில் உதிர்வது ஊரே என்பதை, முன்னெழுத்துகளைக் குறைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவங்களை நிரப்பிய நம்மவர் நன்கறிவர்.

மெட்டின் உடற்கூறு

இனி மெட்டின் அமைப்பைப் பார்ப்போம். அயர்லாந்தில் பரவலாக வாசிக்கப்படும் வடிவத்தை நம் ஸ்வரப் பெயர்களால் சொல்லலாம். இதன் ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே. முதலடி ஷட்ஜத்தில் கால் ஊன்றி, காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் தொட்டுத்தொட்டு ஷட்ஜத்திற்கே மீள்கிறது. இரண்டாமடி காந்தாரத்தில் நின்று அதைச் சுற்றியே அசைகிறது. மூன்றாமடி முதலடியின் மறுபடி. கேட்பவர் செவி, நான்காமடி ஷட்ஜத்தில் வந்து இளைப்பாறும் என்று எதிர்பார்க்கிறது. அது அங்கே வருவதில்லை. ரிஷபத்தில் வந்து நிற்கிறது.

இதுவே இம்மெட்டின் உயிர்நிலை. ரிஷபத்தில் நின்ற இசை ஷட்ஜத்தைத் தேடும். அந்த ஷட்ஜமோ மெட்டின் தொடக்கத்தில்தான் உள்ளது. ஆகவே முடிவு தொடக்கத்தைக் கைநீட்டி அழைக்கிறது. இரண்டாம் பகுதி கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்திற்கு ஒரே தாவாகத் தாவி உற்சாகமாகத் தொடங்கினும், அதுவும் இறுதியில் அந்த ரிஷபத்தையே வந்தடைகிறது. வட்டமாக ஆடுவோர்க்கு வட்டமாகச் சுழலும் மெட்டு! ஆட்டம் ஓயும்வரை இது ஓய வேண்டியதில்லை. நிறுத்த விரும்பும் பிடில்காரர் தாமாக ஒரு ஷட்ஜத்தைச் சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும். நம் அந்தாதிச் செய்யுளைப் பயின்றோர்க்கு இவ்வமைப்பின் அழகு எளிதில் விளங்கும்.

வில்லும் வட்டாரமும்

இந்த எலும்புக்கூடு எங்கும் ஒன்றே. சதையும் தோலும் வட்டாரந்தோறும் மாறுகின்றன. ஸ்காட்லாந்தில் இதனைப் பெரும்பாலும் ஒரு ஸ்வரம் உயர்ந்த சுருதியில் வாசிப்பர். அயர்லாந்தில் அது ஒரு படி இறங்கி, அந்நாட்டுப் புல்லாங்குழலுக்கும் குழற்பைக்கும் இசைவான சுருதியில் அமர்ந்தது. கோ குடும்பத்தாரின் அச்சுப் பிரதிகள் மெட்டிற்குக் கீழே மந்தர ஸ்வரத் துணையையும் சேர்த்து அளித்தவை. மாளிகைக் கூடத்திற்கு ஏற்றவை. அயர்லாந்தின் கிராமத்து அடுக்களையில் அத்துணைக்கு இடமில்லை. ஒற்றைப் பிடிலே மெட்டும் தாளமும் ஆகவேண்டும். ஆகவே அலங்காரம் முழுவதும் மெட்டின் உள்ளேயே புகுந்தது.

அவ்வலங்காரத்தில்தான் வட்டாரம் பேசுகிறது. சிலைகோ மாவட்டத்துக் கலைஞர் இரண்டாமடியின் நீண்ட காந்தாரத்தை அப்படியே விடமாட்டார். மேலும் கீழுமுள்ள ஸ்வரங்களை மின்னலெனத் தொட்டு அதனை உருட்டுவார். அதற்கு 'ரோல்' என்றே பெயர். வில் நீளமாக ஓடும். ஓசை துள்ளி வழியும். வடமேற்கேயுள்ள டொனகால் மாவட்டத்தார் உருட்டலில் அத்துணை நாட்டம் கொள்வதில்லை. அதே காந்தாரத்தை வில்லின் நுண்ணிய அசைவால் மூன்று கூறாக வெட்டி, பொரி பொரிந்தாற்போல் ஒலிக்கச் செய்வர். ஸ்வரத்துக்கு ஒரு வில் என்பது அவர்தம் இயல்பு. கிளேர் மாவட்டத்தின் கிழக்கே நடை தளர்ந்து, ஏக்கம் கலந்த குரல் கேட்கும். நம் கமகத்தோடு இவற்றை ஒப்பிடலாகாது. கமகம் ஸ்வரத்தின் இயல்பையே உணர்த்துவது; இவை தாளத்தைக் கொழுவி நிறுத்தும் கொக்கிகள். ஆயினும் ஒரு நாயனக்காரரின் 'பாணி'யைக் கேட்டு அவர் எந்த ஊர் என்று சொன்ன நம் முன்னோரைப் போலவே, இரண்டடி கேட்டு ஊரைச் சொல்லும் பெரியோர் அங்கும் இருந்தனர்.

காவல்துறைத் தலைவரும் இசைத்தட்டும்

அயர்லாந்தின் இம்மெட்டுகளைப் பெருந்திரளாகத் தொகுத்தவர் அயர்லாந்தில் வாழ்ந்தவர் அல்லர் என்பது வியப்பிற்குரியது. பிரான்சிஸ் ஓநீல் 1848-இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தார். இளமையில் கப்பலேறி உலகம் சுற்றினார். பின்னர் சிகாகோ நகரக் காவல்துறையில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அதன் தலைவராகப் பணியாற்றினார். அந்நகரில் குடியேறியிருந்த அயர்லாந்து மக்களிடமிருந்து மெட்டுகளைத் திரட்டினார். அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்னும் சக காவலர் அவற்றை ஸ்வரப்படுத்தினார். 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருநூலும், 1907-இல் 1,001 நடன மெட்டுகள் கொண்ட மற்றொரு நூலும் வெளிவந்தன. பின்னது அயர்லாந்துக் கலைஞரிடையே 'அந்த நூல்' என்று மட்டுமே சொல்லத்தக்க நிலையை எய்தியது. மிஸ் மக்ளவுடும் அதில் இடம்பெற்றது.

அலுவலகக் கோப்புகளுக்கிடையே தாய்நாட்டுக் கலையைக் காத்த அவ்வதிகாரியை நாம் வணங்குகிறோம். எனினும் திறனாய்வு வணக்கத்தோடு நின்றுவிடலாகாது. அச்சு ஒன்றைக் காக்கும்போதே மற்றவற்றை மறைக்கிறது. ஒரு மெட்டுக்கு ஒரு வடிவமே நூலில் ஏறும். ஏறாத வடிவங்கள் 'தவறு' எனத் தோன்றத் தொடங்கும். வில்லின் போக்கை, உருட்டலின் அழுத்தத்தை, நடையின் சாய்வை அந்த ஐந்து கோடுகள் காட்டா. நூலை மட்டும் கற்றவர் வாசிப்பது, பதவுரையை மட்டும் படித்தவர் பாடலைச் சொல்வது போன்றதாகும்.

அச்சு செய்ததைவிடப் பெரிய மாற்றத்தை இசைத்தட்டு செய்தது. சிலைகோவின் கில்லாவில் பகுதியில் 1891-இல் பிறந்த மைக்கேல் கோல்மன் 1914-இல் அமெரிக்கா சென்றார். அவரும், அதே மாவட்டத்தவரான ஜேம்ஸ் மாரிசனும் 1920-களில் நியூயார்க்கில் பதித்த தட்டுகள் கடல் கடந்து அயர்லாந்தின் கிராமங்களுக்குத் திரும்பி வந்தன. புலம்பெயர்ந்தவர் வாசிப்பே பிறந்த மண்ணுக்கு இலக்கணமாயிற்று! சிலைகோ பாணி நாடெங்கும் பரவியது. அதன் நயத்திற்கு அஃது ஈடிணையற்ற சான்று. ஆயின் தம் தந்தையின் வில்லைப் பழையது எனக் கருதி மூலையில் வைத்துவிட்டு, தட்டைக் கேட்டுக் கற்ற இளைஞர் பிற வட்டாரங்களில் பலர். மேலும், தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஆட்டம் ஓயும்வரை ஓயாத மெட்டுகளுக்கு அது ஒரு வேலி. நான்கைந்து சுற்றில் ஒன்றை முடித்து மற்றொன்றுக்குத் தாவும் பழக்கத்தை அது வலுப்படுத்தியது.

தாய்நாட்டிலும் ஒரு வேலி எழுந்தது. அயர்லாந்து அரசு 1935-இல் இயற்றிய பொது நடனக்கூடச் சட்டத்தால், உரிமம் பெற்ற இடங்களுக்கு வெளியே ஆடுவது அரிதாயிற்று. அடுக்களை நடனங்கள் அருகின. 1951-இல் முல்லிங்கரில் தோன்றிய கலைஞர் சங்கம் விழாக்களும் போட்டிகளும் நடத்தி இவ்விசையை மீண்டும் தழைக்கச் செய்தது. எனினும் இதற்குள் மெட்டு, கால்களுக்கு உரியது என்ற நிலையிலிருந்து காதுகளுக்கு உரியது என்ற நிலைக்குப் பெரிதும் நகர்ந்துவிட்டது.

அமெரிக்க மலைகளில்

இதே மெட்டு அமெரிக்காவின் தென்பகுதி மலைநாட்டில் வேறு பிறவி எடுத்தது. அங்கே மிஸ் மக்ளவுடை அறிந்தோர் சிலர். 'ஹாப் லைட் லேடீஸ்' என்றும், 'ஹாப் ஹை லேடீஸ்' என்றும், 'அங்கிள் ஜோ' என்றும் அறிந்தோர் பலர். தலைவியின் பெயர் மறைந்து, ஆடும் பெண்களும் கற்பனை மாமாவும் அவ்விடத்தில் அமர்ந்தனர். சொற்களும் சேர்ந்தன, வேடிக்கைக்காக வீசப்பட்ட சொற்கள்! உருட்டலும் வெட்டலும் குறைந்தன. வில் முன்னும் பின்னும் ஆட்டிப் பிடிக்கும் தாளமும், பக்கத்துத் தந்தி துணைச்சுருதியாக ஒலிப்பதும் சிறந்தன. ஆப்பிரிக்க மக்கள் வழியே அந்நாட்டுக்குக் கிடைத்த பாஞ்சோ என்னும் மீட்டுக்கருவி துணைக்கு வந்தது. டென்னசி மாநிலத்து அங்கிள் டேவ் மேகன் 1927-இல் தம் குழுவோடு பதித்த தட்டில் இப்பிறவியின் துடிப்பைக் கேட்கலாம்.

பின்னர் இது சேர்ந்திசை அரங்கத்திலும் ஏறியது. இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் 1942-இல் 'ரோடியோ' என்னும் நாட்டியத்துக்கு அமைத்த இசையின் 'ஹோ-டவுன்' பகுதியில், மற்றொரு பிடில் மெட்டின் நடுவே மிஸ் மக்ளவுட் சில அடிகள் தலைகாட்டிச் செல்கிறது. கேட்க இனிமையானதே. ஆயினும் நம் கருத்தில் அது மெட்டின் வடிவம் அன்று, மெட்டின் மேற்கோள். ரிஷபத்தில் நின்று தொடக்கத்தை அழைக்கும் அந்தச் சுழற்சிக்கு அங்கே நேரமில்லை. கடலலையைக் குப்பியில் அடைத்தாற்போல அது நிற்கிறது.

எதை வடிவம் என்பது?

இங்ஙனம் பிரித்துரைக்கும்போது, 'பாடபேதம் யாவும் ஒக்கும்' என்று நாம் கூறவில்லை என்பது தெளிவாகும். எல்லாம் சரி என்பது திறனாய்வு ஆகாது. அவ்வாறே, 1809-ஆம் ஆண்டுப் பிரதியோடு ஒத்திட்டு மற்றவற்றுக்கு மதிப்பெண் குறைப்பதும் திறனாய்வு ஆகாது. அப்பிரதியும் கேட்டெழுதியதே என மேலே கண்டோம்.

நாம் கொள்ளும் அளவுகோல் இரண்டு. முதலாவது, மெட்டின் உயிர்நிலை காக்கப்பட்டதா என்பது. இரண்டாவது, புதிய இடத்தின் தேவை அதில் உண்மையாகப் பேசுகிறதா என்பது. சிலைகோவின் உருட்டலும் டொனகாலின் வெட்டும் ஒற்றைப் பிடிலைக் கொண்டு ஒரு வீட்டை ஆடச்செய்ய வேண்டும் என்ற தேவையில் பிறந்தவை, சுழற்சியைக் கூர்மையாக்குபவை. அமெரிக்க மலைநாட்டு வடிவம் பெயரை இழந்தது, அலங்காரத்தை இழந்தது, வேறு கருவியை மணந்தது. ஆயினும் வட்டத்தை விடவில்லை. ஆகவே பெயர் காத்த பல வாசிப்புகளைவிட அது மிஸ் மக்ளவுடுக்கு நெருங்கிய உறவு. மாறாக, நூலில் கண்டதைச் சுரம் தவறாமல் ஒப்பித்து, எந்த ஊரின் வில்லும் அதில் ஒலிக்காதபடி வாசிப்பவர், பிழை ஒன்றும் செய்யாமலே மெட்டை இழந்துவிடுகிறார். இந்த இழப்புக்கு எந்தப் பதிப்பாசிரியரும் அடிக்குறிப்பு எழுத முடியாது.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாத்தியக் குழுக்கள் இசைத்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து 'நோட்டு ஸ்வரங்கள்' என வழங்கும் உருப்படிகளை இயற்றினார். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டு, 'சந்ததம் பாஹிமாம்' என அம்பிகையின் துதியாக மாறியது. அதனை மூலத்தின் சிதைவு என்று எவரும் கூறார். கேட்டவர் செவி உண்மையாகக் கேட்டது. தன் நெஞ்சின் தேவைக்கு ஏற்பப் பாடியது.

ஊரைவிட்டு வந்த நம் இல்லங்களில் பாட்டிமார் பாடும் தாலாட்டில் ஓர் அடி குறைந்திருக்கலாம். இந்திச் சொல்லோ வங்காளச் சொல்லோ ஒன்று உள்ளே புகுந்திருக்கலாம். 'ஊரில் இப்படிப் பாடுவதில்லை' என்று திருத்தி, அதனால் பாடுபவர் வாயை அடைத்துவிடுவோமானால், பிழையோடு பாட்டும் போய்விடும். உறங்கும் குழந்தையை ஆட்டும் அந்த அசைவு இருக்கிறதா என்று மட்டும் கேட்போம். இருப்பின், அது பாடபேதம் அன்று. அந்த வீட்டின் பாடம். ராசேத் தீவை இழந்த மக்களின் மெட்டு, ஊர்ப்பெயரை இழந்தும் உயிரை இழக்காமல் கடல்களைக் கடந்தது. அதற்கு இடம் தந்தவை அடுக்களைகளே. நம் அடுக்களைகளும் அதற்குக் குறைந்தவை அல்ல.